ராயக்கோட்டைக் கோடு

இரவு எட்டே முக்காலுக்கு
கிருஷ்ணகிரி பழையபேட்டை ஆபீஸில்
கறுப்பு போன் கிளை கிளையாய்க் கத்தும்.
பர்கூர், ஆயிரத்து நூற்றுப் பத்து.
காவேரிப்பட்டணம், எண்ணூற்று நாற்பது,
"லேடீஸ் ஆறாம் நம்பர் தீர்ந்துபோச்சு."
ஊத்தங்கரைக்கு லைன் கிடைக்காது,
காலை முதல் பஸ் கண்டக்டர் கையில் சீட்டு வரும்.

எல்லாம் செருப்பு.
ஐந்து கடைச் செருப்பும் என் காது வழியாகத்தான்
நோட்டுக்குள் நடந்தது.

நோட்டிலிருந்து கட்டத்தாளுக்கு.
கிளைக்கொரு நிறம், நாளுக்கொரு புள்ளி.
மாதக் கடைசியில் முதலாளி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஏறினதைத் தடவுவார், இறங்கினதைச் சுண்டுவார்.
மாங்கூழ் கம்பெனி சம்பளச் சனிக்கிழமை
பர்கூர் துள்ளும், திங்களன்று படுக்கும்.
ராயக்கோட்டை மட்டும்
துணி உலர்த்தக் கட்டின பச்சைக் கயிறு.
"திம்மராயனைப் பாருங்கய்யா," என்பார் மற்ற மேனேஜர்களிடம்,
"மனுஷன் ஆடறதே இல்லை."

எனக்கு அந்தக் கயிறு பிடிக்கவில்லை.
ஏனென்று சொல்லத் தெரியாமல்
மூன்று மாதம் புள்ளி வைத்தேன்.

அப்புறம் அந்த ஆடி வாரம்.
தங்கை வீட்டிலிருந்து திரும்பும்போது
ராயக்கோட்டை சாலையோரம்
கூடை கூடையாய்த் தக்காளி கொட்டிக் கிடந்தது.
மாடுகளும் திகட்டி நின்றன.
அன்றிரவு போனில்:
"தொள்ளாயிரத்து இருபதும்மா."

பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது.
"யாரு வாங்கினாங்க?" என்றேன்.
கம்பியில் இரைச்சல். அங்கே ஏதோ லாரி கியர் மாற்றியது.
"ரெண்டு ஜோடி," என்றார் கடைசியில்.
"வாத்தியார் ஒண்ணு, பஸ் டிரைவர் ஒண்ணு."

மீதி, தக்காளி விலை போன நாள்களில் விற்றது.
ஒன்பதாம் நம்பர் அட்டைப்பெட்டியில்
பணமும் பில்லுமாய் ஒதுக்கி,
பந்தியில் கடைசி இலைக்கும் எட்டுகிற மாதிரி
அளந்து அளந்து ஊற்றியிருக்கிறார்.
"இறங்கினா ஏன்னு கேக்கறாங்க.
தக்காளின்னு சொன்னா சிரிக்கிறாங்கம்மா."

நூற்று நாற்பது என்று எழுதினேன்.
பச்சை, கயிறறுந்த வாளியாய் உள்ளே போனது.
மறுநாள் பெட்டி பஸ்ஸில் வந்தது.
ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

முதலாளி வெகுநேரம் தாளையே பார்த்தார்.
சுண்டவில்லை.
"தக்காளி என்ன விலை?" என்றார்.
நாலு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட,
செருப்பில்லாத முதல் கேள்வி.

ஸ்கேல் வைத்து நோட்டில் ஒரு பத்தி கூட்டினேன்.
ராயக்கோட்டை அதைத்தான் முதலில் சொல்லும் இப்போது:
கிலோ இருபது பைசா.
அப்புறம் செருப்பு.

ஒரு வாரம் கழித்துக் காவேரிப்பட்டணம்
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது,
"எங்களுக்கு மாங்காய் போட்டுக்கலாமா?"