பன்னிரண்டு மில்லிமீட்டர்

ரோலாவில் ஒரு ஹாலை நான்காக அறுத்தால்
நடுவில் மிஞ்சுவது பிளைவுட்.
இந்தப் பக்கம் இருமினால்
அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் குடிப்பார்கள்.
தில்லைநாயகி வளையலைக் கழற்றி வைக்கும் ஒலியில்
மணி பத்தரை என்று அறிவேன்.
கதிரேசன் பெல்ட்டைக் கழற்றும் ஒலிக்கு
நேரம் காலம் கிடையாது.

அப்போதெல்லாம் ஏசியைக் கூட்டி வைப்பேன்.
பதினாறு.
அதற்குக் கீழே போகாது அந்த மெஷின்.

ஆகஸ்ட். ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாக வியர்த்திருந்தது.
எட்டு மாதம் ருவைஸ் கேம்பில் இருந்துவிட்டு
அவன் திரும்பிய இரவு.
"ஒரு தடவ ரத்தம் பாத்துட்டு வாங்களேன்.
அதுவரைக்கும் உறை போட்டுக்கலாம்."
வரும்போது மீன் வாங்கி வாங்க என்பதுபோலத்தான்
சொன்னாள்.

"யாரப் பாத்துக் கேக்குற?
எவன் சொல்லிக்குடுத்தான் ஒனக்கு?"
பிறகு வார்த்தை இல்லாத கொஞ்ச நேரம்.
பிறகு அவள் வேண்டாம் என்றாள்.
இரண்டாவது வேண்டாம்
பாதியில் நின்றது.

நான் கிளினிக்கில் இரத்தம் எடுப்பவள்.
நாளைக்கு நூற்று நாற்பது முழங்கைகள்.
நீலத்தில் எது நரம்பு, எது நேற்றைய அடி என்று
என் விரலுக்குத் தெரியும்.
கிருமிக்குக் கதவு திறக்க வேண்டாம், கீறல் போதும் என்று தெரியும்.
கேட்டால் அடி விழும் என்று மூடிக்கொண்ட வாய்
அதைவிடப் பெரிய கீறல் என்றும்.
எல்லாம் தெரிந்துகொண்டு
பதினாறில் படுத்திருந்தேன், போர்வைக்குள்.

அவள் முகம் விலகியிருக்க வேண்டும்.
குத்து பலகையில் விழுந்தது.
என் அலமாரிக்கு மேலே மரம் பிளந்து
ஒரு முஷ்டி அகலத்துக்கு
அவர்கள் டியூப்லைட் என் அறைக்குள் வந்தது.

போய்க் கதவைத் தட்டினேன்.
திறந்தான்.
என்ன சொல்ல என்று யோசித்து வரவில்லை.
"கொத்தமல்லி இருக்கா?"
இரவு பன்னிரண்டே கால்.
எனக்குப் பின்னால் கிரேன் ஓட்டும் கித்தேரியான்
ஷிப்ட் முடிந்து வந்த பூட்ஸோடு
பேசாமல் நின்றுகொண்டார்.
கதிரேசனின் கை
எங்கே வைப்பது என்று தெரியாமல்
கீழே இறங்கியது.

விடிந்ததும் ஓட்டையின் மேல்
கிராசரிக்காரர் கொடுத்த காலண்டரை மாட்டினேன்.
அவன் வேலைக்குப் போன பிறகு
ராகுகாலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
அந்த வழியாகவே பேசினோம்.
எழுபத்திரண்டு மணிக்குள் தொடங்க வேண்டிய
மாத்திரை ஒன்று உண்டு, டாக்டரிடம் கேட்போம் என்றேன்.
ஒன்பது மணி போயிருந்தது.
இங்கே அந்தத் தாள்
விமானச் சீட்டாகவும் மாறும் என்பதை மறைக்கவில்லை.
ஊர் என்றாலும் மருந்து உண்டு,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் என்றேன்.
"அவருக்கும் அந்தப் பயந்தான்க்கா.
பயத்த என் மேல எறக்கி வைக்கிறாரு."
சொல்லிவிட்டு ஓட்டை வழியாக
ஒரு கட்டு கொத்தமல்லியை நீட்டினாள்.
சிரித்தாளா என்று
அவ்வளவு இடத்தில் தெரியவில்லை.

கிளினிக்கில் ரப்பரைக் கட்டுமுன்
எந்தக் கை என்று கேட்டேன்.
வலிக்காத கை.
இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை, பொதுச் சமையலறையில்
வெங்காயம் அரிந்துகொண்டே கித்தேரியான்
கதிரேசனிடம் சொன்னது எனக்குக் கேட்டது:
"நானும் எடுத்தேன் மாப்ள, போன வருசம்.
ஊசி குத்துறதுக்கு முந்தி ஒண்ணுக்கு வந்துருச்சு.
வா, நான் கூட வர்றேன்.
அப்புறம், அந்தப் பிள்ள மேல இனிமே கைய வச்சேன்னா
நாலு ரூமும் எந்திரிச்சு வரும்."
கதிரேசன் பதில் சொல்லவில்லை.
தாளிப்பு கருகியது.

போனானா? இன்னும் இல்லை.
அவளுடைய முதல் தாள் வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொன்று.
பாஸ்போர்ட்டை என் அரிசி டப்பாவில் வைத்திருக்கிறாள்.
காலண்டரில் ஆவணி நடக்கிறது.

ஏசியை இப்போது இருபத்தெட்டில் வைக்கிறேன்.
வியர்க்கிறது.
கேட்கிறது.