குறிப்பாணைக்கு விளக்கம்

ஐயா,
சன்னலின் அடிமட்டம் ஏன் இரண்டரை அடியில் நிற்கிறது
என்று கேட்டிருக்கிறீர்கள்.
வரைபடத்தில் ஏழடி. தெரியும்,
வரைந்தவளே நான்.

அரவேனுவுக்குக் கீழே அந்தக் கட்டடம்
முன்பு தேயிலைத் தொழிற்சாலை.
மேல்தளம் கொழுந்து வாட்டுகிற இடம்.
காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க
வரிசையாய் இருபத்திரண்டு சன்னல்.
சிறார் இல்லமாக மாற்றச் சொன்னபோது
முதல் வேலையாக அவற்றை ஏழடிக்கு அடைத்தோம்.
இலைக்குக் கொடுத்ததைப்
பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.
அப்போது அது உறைக்கவும் இல்லை.
செங்கல் கணக்கு சரியாக இருந்தது.

கசிவு பார்க்கப் போனது ஓர் ஆனி மாதம்.
மூன்றாம் கட்டில்காரன்
(பெயர் சொல்லக் கூடாது, சட்டம்)
குளியலறைக் கதவைக் காட்டி,
"மேடம், இதுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வராதா?" என்றான்.
வராது என்றேன்.
"அப்ப சன்னல்?"
இருக்கிறதே.
"இருக்கு.
மழை பெய்யுதா இல்லையான்னு
தகரத்தைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறோம்."

அவன் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.
விளக்குக்கும் கம்பிக் கூண்டு.
பாதிச் சுவர் வரை அரசுப் பச்சை.
மெல்லப் பேசினாலும்
சொல் நாலு சுவரிலும் முட்டிக்
கத்தலாகத் திரும்பி வருகிறது.
கத்தியதற்காக அந்த மாதம் பதினொரு தண்டனை,
பதிவேட்டில் பாருங்கள்.
கூரைக்கடியில் தென்னைநார்ப் பலகை அடித்தோம்.
அடுத்த மாதம் நான்கு.
பிள்ளைகள் திருந்தினார்களா, எனக்குத் தெரியாது.
எதிரொலி நின்றது.

அந்தத் துணிச்சலில்தான்
கொத்தனார் யேசுமரியானை அடைப்பை இடிக்கச் சொன்னேன்.
எழுத்தில் ஆணை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.
முதல் செங்கல் வெளியே விழுந்ததும்
மூடுபனி உள்ளே வந்தது.
பின்னாலேயே ஒரு ஹாரன்.
பதினாறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.
"மேட்டுப்பாளையம் வண்டி இல்லடா,
மினி பஸ்" என்றது ஒரு குரல்.

கம்பி போட்டேன்.
ஒரே ஒரு சட்டத்துக்குக் கீல், வெளியே இரும்பு ஏணி,
தீப்பிடித்தால் வேண்டுமே என்று.
அதன் சாவி காவலர் இடுப்பில் இருந்திருக்க வேண்டும்,
ஆணியில் தொங்கியது.
அது வேறு துறை.

தை பன்னிரண்டு இரவு
அதன் வழியாகத்தான் அவன் போனான்.
விடியுமுன் கட்டபெட்டு நிறுத்தத்தில் பிடித்தார்கள்,
டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நின்றவனை.

குறிப்பாணையில் விடுபட்ட ஒன்று,
காவலர் வாக்குமூலம், இரண்டாம் பக்கம்:
காலையில் அறைக்குள் பனி ஏறியிருக்கவில்லை.
அவன் ஏணியில் நின்றபடி
கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி,
இடுக்கில் தன் மப்ளரைச் செருகிவிட்டு
இறங்கியிருக்கிறான்.
உள்ளே பதினைந்து பேர் தூங்கினார்கள்.

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.
மறுபடி அடைக்க உத்தரவு வந்தால் அடைப்பேன்.

இணைப்பு:
குளியலறைக் கதவுக்கு, உள்பக்கம்,
தாழ்ப்பாள் ஒன்று.
திருகாணி உட்பட
நூற்று எண்பது ரூபாய்.