நிகர எடை

கொருக்குப்பேட்டை கேட்டு மூடியிருந்தது,
இன்றைக்கும் இருபது நிமிடம் தாமதம்.
சரக்கு ரயிலில் ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணினேன்.
இரவெல்லாம் எண்ணிய பழக்கம் சட்டென்று நிற்காது.

எடைமேடையில் வேலை எனக்கு.
கன்டெய்னர் லாரி ஏறும், நடுங்கும், நிற்கும்.
மொத்த எடையில் வண்டி எடையைக் கழித்து
சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்ட வேண்டும்.
சீக்கிரம்மா, என்பார்கள்.
விடிவதற்குள் துறைமுக வாசலைத் தொட வேண்டும் எல்லோருக்கும்.

வந்ததும் படுத்துவிட வேண்டும்.
பங்குனி விடுவதில்லை.

கொல்லை என்றால் பெரிதாக நினைப்பீர்கள்.
ஒன்பதடிக்கு ஆறடி.
துவைக்கிற கல், செப்டிக் டேங்க் மூடி,
உடைந்த சின்டெக்ஸின் மூடியைக் கவிழ்த்து அதில் கொஞ்சம் தண்ணீர்.
மரம் எங்களுடையதில்லை.
எஸ்தர் வீட்டு முருங்கை சுவரில் சாய்ந்து
இந்தப் பக்கம் பூக்கிறது.
காய் அவர்களுக்கு, பூ எனக்கு.
பேசி வைத்துக்கொண்டதில்லை, நடக்கிறது.

ஆறே முக்காலுக்குக் குக்குறுவான்.
ஆளைக் கண்டதில்லை, குரல்தான்.
டுக் டுக் டுக் டுக்
குடிவந்த வருடம்
இந்நேரத்துக்கே லேத்துப் பட்டறையைத் திறந்துவிட்டார் என்று
ஷர்ஃபுதீன் பாயைத் திட்டியிருக்கிறேன்.
பாவம் மனிதர், ஒன்பது மணிக்குத்தான் பல்லே விளக்குவார்.

பிறகு மைனா ஜோடி,
வாடகை வசூலிக்க வந்ததுபோல் நடந்தே சுற்றும்.
கிளிகள் நிற்பதில்லை.
யார்டில் சிந்திய கோதுமைக்குப் போகிற அவசரம்,
தலைக்கு மேல் ஒரு பச்சைக் கூச்சல், அவ்வளவுதான்.
சூறைக்குருவிகள் போன வாரம் வரை இருந்தன.
டிரான்ஸ்ஃபர் வந்ததைச் சொல்லாமல் போகிறவர்கள் உண்டே, அப்படி.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
கேஸ் நாற்றம். நான் ஜன்னலை அடைப்பேன்.
அவை பூவுக்குள் தலையை விட்டபடியே இருக்கும்.

தேன்சிட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

மேல்வீட்டு சன்ஷேடிலிருந்து
பழைய கேபிள்காரன் விட்டுப்போன ஒயர் ஒன்று தொங்குகிறது.
மாசிக் கடைசியில் அதன் நுனியில் ஒரு குப்பை.
காற்று கொண்டுவந்தது என்று துடைப்பத்தை ஓங்கிவிட்டேன்
(ஓங்கினேன், மறைக்கவில்லை)
குப்பைக்குள்ளிருந்து வளைந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

அன்றிலிருந்து கொடியில் துணி இல்லை.
யூனிஃபார்ம் சேலை மாடிப்படிக் கைப்பிடியில் காய்கிறது.

வீட்டுக்காரர் குணபூஷணம் வந்தார்.
"இங்க ஒரு பாத்ரூம் கட்டிடலாம்னு பாக்கறேன்,
வெள்ளிக்கிழம செங்கல் எறங்குது."
வாழ்க்கையில் முதல் முறை பொய் சொன்னேன் என்று எழுத ஆசை.
முதல் முறை இல்லை.
"டேங்க் மூடி லேசா உள்வாங்கற மாதிரி இருக்கு சார்,
இப்ப கனம் ஏத்துனா தாங்காது."
கனத்தைப் பற்றி நான் சொன்னால் நம்புவார்கள்.
கொத்தனாரைக் கூட்டி வருகிறேன் என்று போனார்.
சித்திரை பத்துக்கு முன்னால் வர மாட்டார்.

நேற்று ஸ்டூல் போட்டு ஏறினேன்.
தாய் முருங்கையில் இருந்தது.
சிலந்தி நூல், வேப்பம்பூக் காம்பு,
சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளி ஓரம்,
எஸ்தரின் நரைமுடியோ என்று சந்தேகிக்கத்தக்க ஏதோ.
நடுவில் என் எடைச்சீட்டின் கிழிசல்.
பையிலிருந்து எப்போது விழுந்ததோ.
லாரி எண் வெளிறிவிட்டது. தேதி இல்லை.
நிகர எடைக்கு நேரே எண் இருக்கும்,
அந்த ஓரம் உள்ளே மடிந்திருக்கிறது.

இழுத்துப் பார்க்கிற காரியமில்லை.
கறுத்த ஆண் சிட்டு
ஒரு கைப்பிடிகூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு
என்னைக் கத்திக் கத்தி இறக்கிவிட்டது.

மணி எட்டரை. இன்னும் தூங்கவில்லை.
தாய் திரும்பி வந்து வாசலில் தொற்றி
உள்ளே போயிற்று.
ஒயர் கொஞ்சம் இறங்கியது,
நடுங்கியது,
நின்றது.