மூன்றாம் தரம்

பெரிய துண்டு வலப்பக்கக் கூடைக்கு.
பட்டை ஒட்டியது இடப்பக்கம்.
மடியில் மிஞ்சும் பொடிதான் மூன்றாம் தரம்;
அதற்கும் ஆள் இருக்கிறது என்கிறார் கணக்கர் குலேத்.

எரிகாவோவில் இந்தக் கிடங்குக்கு ஜன்னல் இரண்டு.
நாங்கள் பதினான்கு பேர்.
காலை நீட்ட இடம் உண்டு, நீட்டுவதில்லை,
நீட்டினால் கூடை கவிழும்.

போன வருஷம் மழைக்கு முன் ஒருவன் வந்தான்,
கடலுக்கு அப்பால் எங்கோ
இதைச் சின்னச் சீசாவில் அடைத்து விற்கிற கம்பெனிக்காரன்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்,
அதனால் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

குந்திரிக்கம் என்னென்ன நோய்க்கு ஆகும்?

இரவு தண்ணீரில் ஊறப்போட்டு
விடிந்ததும் குடித்தால் சளி இளகும் என்றாள் பர்னி.
அவள் வீட்டில் குடிக்கிறார்கள்.
பிள்ளை பெற்றவள் அறையில் புகை போடுவோம் என்றாள் ஷம்ஸோ.
போடுகிறோம்.
மைதியை மெல்லுவோம், வாய் மணக்கும் என்றாள் ஒருத்தி.
நல்ல மைதியெல்லாம் கப்பலேறிவிடுகிறது,
அதைச் சொல்லவில்லை.

இன்னும்? இன்னும்? என்றான்.
எங்களுக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது,
தேநீர் தீரவில்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.
மூட்டுவலிக்கு, என்றேன்.
ஆயிரம் வருஷமாக இம்மலைப் பெண்கள்
முழங்காலில் தடவுகிறார்கள், என்றேன்.
பக்கத்திலிருந்தவள் விலாவில் குத்தினாள்.
என்ன செய்ய, அந்த நேரம் என் முழங்கால்
ஈரத்துணியை முறுக்குவதுபோல் வலித்தது,
வலித்த இடம் வாயில் வந்துவிட்டது.
மறதிக்கும் ஆகும்,
கூலி பாக்கியை மறந்தவருக்குக் கொடுத்தால்
ஞாபகம் வரும், என்றேன்.
மொழிபெயர்க்கையில் குலேத் கூலியை விட்டுவிட்டார்.

கைம்மாறாக அவன் கதை சொன்னான்.
எகிப்தை ஆண்ட ராணி ஒருத்தி
தெற்கே கப்பல் அனுப்பினாளாம்,
மரத்தை வேரோடு கூடையில் தூக்கிப் போனார்களாம்.
ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவன்
மனைவி செத்தபோது
அரபு நாடு ஒரு வருஷத்தில் தருவதைவிட அதிகமாக
ஒரே நாளில் எரித்தானாம்.
உயிரோடிருந்தபோது அவளுக்கு என்ன கொடுத்தான்?
ஷம்ஸோதான் கேட்டாள்.
அவனுக்குத் தெரியவில்லை.

அலெக்சாந்திரியாவில் இதே வேலை பார்த்தவர்களின்
உடுப்பில் முத்திரை வைத்து, முகத்தில் வலை கட்டி,
போகும்போது உரித்துப் பார்த்தே அனுப்பினார்களாம்.
சிரித்தான்.
நாங்கள் வாசலைப் பார்த்தோம்.
மாலைதோறும் எங்கள் முக்காட்டை உதறச் சொல்லும் பெண்
ஸ்டூலில் உட்கார்ந்து
தன் நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வாரம் மாதிரிக்கு ஒரு பெட்டி வந்தது.
என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத சீசா.
பெட்டியின் முதுகில் ஒரு வரி, குலேத் இரண்டு முறை வாசித்தார்:
ஆயிரம் ஆண்டுகளாக மலைப் பெண்கள்
மூட்டுக்குத் தடவிவரும் இரகசியம்.
பர்னியின் சளி இல்லை.
பிள்ளை பெற்றவள் இல்லை.
என் பொய் மட்டும் ஊர் சுற்றித் திரும்பியிருக்கிறது,
பொன்னெழுத்தில்.

மலையில் என் மைத்துனன் வர்ஃபா
கயிற்றில் தொங்கியபடி மரத்தைக் கீறுவான்.
மரம் தன் புண்ணுக்குத் தானே பூசிக்கொள்வது இது.
காய்ந்ததும் வழித்தெடுத்து
அதே இடத்தில் மறுபடி கீறுவான்.
குந்திரிக்கம் ஆற்றும் புண் என்று
நான் சத்தியம் செய்யக்கூடியது
அந்த ஒன்றுதான்,
அதையும் ஆறவிடுவதில்லை.

நேற்று நகக்கண்களில் பொடி அடைத்துக்கொண்டு
வாசலைக் கடந்தேன்.
முக்காட்டை உதறினேன், ஒன்றும் விழவில்லை.
எள்ளெண்ணெயில் குழைத்து
இரண்டு முழங்காலிலும் அழுத்தித் தேய்த்தேன்.

குறைந்ததா என்று கேட்டாள் பர்னி இன்று காலை.
பொறு, என்றேன்.
இன்னும் ஆயிரம் வருஷம் ஆகவில்லை.