இடப்பாதி கறுப்பு

ஒரு பங்கு பதினான்கு சென் விற்றபோது
ஆளுக்கு இருபதாயிரம் வாங்கினோம்.
கோகிலராஜ் மட்டும் ஐம்பதாயிரம்,
மனைவியிடம் ஐந்தாயிரம் என்று சொல்லி.

பாகான் ஆஜாம் கடலுக்கு எதிரே
மன்சூர் கடையில் ஞாயிறு காலை
தே தாரிக் ஆறுவதற்குள் தொடங்கிவிடும்.
"எஃகைவிட இருநூறு மடங்கு பலம்,
கனமோ ஓர் அணுதான்.
பென்சில் கரியை ஒட்டுநாடாவால் உரித்தே
நோபல் வாங்கிவிட்டான்கள், தெரியுமா?"
"பரிசு வந்தது சரி, ஆர்டர் வந்ததா?"
இது நேசமணி. டியூஷன் டீச்சர்.
ஆண்டறிக்கையைச் சிவப்பு மையில் திருத்திக் கொண்டுவருபவள்.
பக்கம் நாற்பத்தொன்றில் பெரிய வட்டம்:
வருமானம் எல்லாம் பழைய பிளாஸ்டிக் வியாபாரத்தில்.
ஓர் ஆண்டு முழுக்க விற்ற கிராஃபீன்
ஒரு பழைய புரோட்டான் காரின் விலை.

பூன் செங் அதிகம் பேசமாட்டான்.
இரும்புச் சாமான் கடைக்காரன்.
ஒருநாள் மேசைமேல் ஒரு டின்னை வைத்தான்.
நம் கம்பெனியின் துருத் தடுப்புச் சாயம்,
மாதிரிக்குக் கொடுத்தது.
"சண்டை போதும். அடித்துப் பார்ப்போம்."

கடலை ஒட்டி வீடு எனக்குத்தான்.
இரும்புக் கதவு, இரண்டு பாதி.
இடப்பக்கம் நூற்றெண்பது வெள்ளிச் சாயம்,
வலப்பக்கம் ஐம்பத்தைந்து வெள்ளி.
"அர்த்தநாரி" என்றாள் நேசமணி.
"அது எந்த பிராண்ட்?" என்றான் பூன் செங்.

பதினாறு மாதம்.
கொரியாக்காரனோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம்,
பங்கு பதினெட்டு சென்.
ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை,
பதினொன்று.
இன்னும் மூன்று கோடிப் பங்குகளை வெளியிட்டு
எங்கள் தே தாரிக்கில் தண்ணீர் ஊற்றினார்கள்.
ஒன்பது.
ஞாயிறுதோறும் நால்வரும் என் வாசலில்.
நகத்தால் சுரண்டுவோம், படம் எடுப்போம்,
கீலில் மூக்கை வைத்து மோந்துகூடப் பார்ப்போம்.
எதிர்வீட்டு நாய் குரைப்பதை விட்டுவிட்டது.

இரண்டாம் மழைக்காலம் முடிய
வலப்பாதி பொருக்கு விட்டது.
தொட்டால் உள்ளங்கையில் செங்காவி.
இடப்பாதியில் மழைத்துளி
சேம்பிலையில் போல் உருண்டு ஓடியது.
கோகிலராஜ் சாலையிலேயே ஒரு சுற்று ஆடினான்.

"நல்ல சாமான்தான்" என்றான் பூன் செங்.
"ஆனால் ஐம்பத்தைந்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடித்தால்
ஆறு வருஷத்துக்கு நூற்று அறுபத்தைந்து.
என்னிடம் வாங்குகிறவன் வாடகை வீட்டுக்காரன்.
ஆறு வருஷம் ஒரே வீட்டில் யார் இருக்கிறான்?"
"சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்" என்றாள் நேசமணி.
கரி மலிவு. உரித்துக் கலக்கும் கூலிதான்
எங்களை உரிக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை.
பதினேழு சென்னில்
என் பங்கில் பாதியை விற்றிருந்தேன்.
விற்றது இடப்பாதியா வலப்பாதியா என்று
இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

அப்போதுதான் ஜமீலா வந்தாள்,
நாசி லெமாக் வண்டியைத் தள்ளிக்கொண்டு.
உப்புக் காற்று தின்றதுபோக
வண்டிக்கு மூன்றரைக் கால் மிச்சம்.
நின்றாள். இடப்பாதியைத் தடவிப் பார்த்தாள்.
"இது என்ன சாயம்?"

நால்வரும் நிமிர்ந்தோம்.
கோகிலராஜ் காற்றில் அறுகோணம் வரைந்தான்,
பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று,
தேன்கூடு அவள் தலைக்குமேல் வரை போனது.
பொறுமையாகக் கேட்டாள்.
பிறகு,
"பச்சையில் இருக்கா?"

இல்லை. உள்ளே கரி.
கறுப்பு மட்டும்தான்.

"ஓ. கறுப்பு வண்டியில்
சோறு வாங்கமாட்டார்கள்" என்று
தள்ளிக்கொண்டு போனாள்.
அந்த அரைக்கால் சிமெண்டில் கீறிய சத்தம்
முச்சந்திவரை கேட்டது.

நான்கு ஆண்டறிக்கை படித்திருந்தோம்.
ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

பூன் செங் காதில் செருகிய பென்சிலை எடுத்து
ரசீதின் பின்பக்கம்
எதையோ எழுதி,
நாக்கால் விரலை நனைத்து,
அழித்து,
மறுபடி எழுதினான்.