காலைப் பக்கம்

வரிசைக்கு இத்தனை பெசோ என்று கூலி.
ஒயினுக்கு இல்லை,
திராட்சைக்குக்கூட இல்லை,
நான் கிள்ளிக் கீழே போடுகிற இலைக்கு.

கனெலோனெஸில் நவம்பர் வசந்தத்தின் வால்.
தனாத் கொடிகள் பூக்க
இன்னும் நாலைந்து நாள் இருந்தது.
மொட்டுகள் பச்சைக் கடுகு போலக்
குல்லாய் கழற்றாமல் கொத்துக்கொத்தாய் நின்றன.

"இப்போதே கிள்ளணும்" என்றாள் கிரிசெல்டா.
"காலை வெயில் விழுகிற பக்கம் மட்டும்,
அடியிலிருந்து ஆறு இலை."
"பூக்கும் முன்னாலேயா?" வில்மார் கத்தினார்.
"பந்தி போடுகிற நேரத்தில் அடுப்பை அணைப்பாயா?"
அண்ணன் தங்கை.
நிலம் ஒன்று, கணக்கு இரண்டு.
கூட்டுறவுக் கிடங்கு கிலோவுக்குத்தான் காசு தரும்;
அது அவர் கணக்கு.

அவள் கணக்கில் எனக்குப் புரிந்தது:
இலைதான் கொடியின் சமையற்கட்டு.
எடுத்துவிட்டால் பூ பட்டினி.
பட்டினியில் சில பூக்கள் பிஞ்சாகாமலே உதிரும்.
உதிர்ந்த இடத்தில் காற்று குடிவரும்.
அதற்காகவா இத்தனை பட்டினி என்று கேட்டேன்.
"பிப்ரவரி மழையில் கேள்" என்றாள்.

கடைசியில் பாகம் பிரித்தார்கள்.
ஒற்றைப்படை வரிசை அவளுக்கு,
இரட்டைப்படை அவருக்கு.

பதினேழாம் வரிசையில் இருந்தபோது
அடுத்த சந்தில் வாஷிங்டன்
(இங்கே அது ஆள் பெயர், ஊர் அல்ல)
வானொலியில் பந்தாட்டம் வைத்திருந்தான்.
கடைசி ஐந்து நிமிடம்.
நன்றாகக் கேட்கட்டும் என்று
மேற்குப் பக்கம் போய் நின்றேன்.
காது ஆட்டத்தில் இருந்தது,
கை தன்பாட்டுக்குக் கிள்ளியது.
நாம் தோற்று முடிந்தபோது
இரண்டு பக்கமும் வரிசை மொட்டையாக நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி.
மாலை மூன்று மணி வெயில் மேற்கிலிருந்து
கம்பி காய்ச்சி இழுத்ததுபோல் வந்தது.
மற்ற வரிசைகளில் அந்தப் பக்கம் இலை குடை பிடித்தது.
பதினேழில் காய்கள் கன்னம் வெந்து
தவிட்டு நிறத்தில் சுருங்கின.
இலைமறை காயாக இருக்கவேண்டிய என் தப்பு
மறைக்க ஓர் இலை இல்லாமல்
பட்டப்பகலில் தொங்கியது.

பிப்ரவரி.
ஒன்பது நாள் மழை.
வில்மாரின் கொத்துகள் கொழுத்து, இறுகி,
ஒன்றின் முதுகை ஒன்று நசுக்கிக்கொண்டு
பார்க்க அத்தனை அழகு.
ஒன்றைப் பிளந்தேன்.
உள்ளே சாம்பல் பூத்திருந்தது.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கத்தரிக்கோலோடு மண்டியிட்டு
அழுகியதை வெட்டி வெட்டி
வாய்க்காலில் எறிந்துகொண்டிருந்தார் இருட்டும்வரை.

மார்ச்சில் தராசு வந்தது.
அவருக்குக் கொடிக்கு நாலு கிலோ,
வாய்க்காலுக்குப் போனது ஒன்று.
அவளுக்கு மூன்றை எட்டவில்லை;
ஆனால் கொத்தில் விரல் விடலாம்,
சாறு பட்ட உள்ளங்கை
ஞாயிற்றுக்கிழமைவரை வெளுக்கவில்லை.
பதினேழுக்கு ஒன்றரைதான்.
அந்தக் கூடையை நானே தூக்கிப் போனேன்,
யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று.

கிரிசெல்டா நோட்டைத் திறந்தாள்.
பென்சிலில் மூன்று பத்தி:
கிள்ளாதது.
காலைப் பக்கம்.
இரண்டு பக்கமும்.
மூன்றாவதன் கீழே நவம்பர் தேதி,
பந்தாட்ட நாளுக்கு மறுநாள்.
"மேற்குச் சந்தில் இலை கிடந்தது" என்றாள்,
நிமிராமல் எடையை எழுதிக்கொண்டே.
"கேட்டிருந்தால் நீ மறுபடி செய்யமாட்டாய்.
எனக்கும் தெரியவேண்டியிருந்தது."
நாலு மாதம் நான் சுமந்த குற்றம்
அவளுக்கு ஒரு பத்தி.
கோபம்தான் வந்தது எனக்கு.
மாத்தே குவளையை நீட்டினாள், வாங்கவில்லை.
இரண்டாம் தடவை வாங்கினேன்.

கிடங்கு லாரி வந்து
எல்லாவற்றையும் ஒரே தராசில் கொட்டி
கிலோவுக்கு ஒரே விலை எழுதியது.
வில்மார் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.
யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடி நவம்பர்.
இரட்டைப்படை வரிசையின் தலையில் நின்று
"ஆறு அதிகம், நாலு இலை போதும்" என்கிறார்,
அது என்னவோ தன் யோசனை மாதிரி.
சரி என்கிறேன்.
கிழக்குப் பக்கம் போய் நின்று
வாஷிங்டனைக் கூப்பிடுகிறேன்:
வானொலியை இந்தப் பக்கம் கொண்டுவாடா.