நாலு புள்ளி ஏழு

சீட்டு விழுந்துவிட்டது என்றுதான்
அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.
எவ்வளவு என்றார்.
நாலு புள்ளி ஏழு.
ஆயிரமோ?
இல்லை அம்மா, செக்கன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, அதுக்கு நீ எவ்வளவு கட்டினாய் என்றார்.
பதினான்கு மாதம்.

பிரேமன் பல்கலைக்கழகத்தின் ஓரத்தில்
கூர் சீவி நட்டுவைத்த பென்சில் மாதிரி ஒரு கோபுரம்.
உள்ளே நூற்றுப் பத்து மீட்டருக்கு வெறும் குழாய்.
பம்புகள் இரண்டு மணி நேரம் உறுமி
காற்றைக் குடித்து முடித்ததும்
உச்சியிலிருந்து ஓர் உருளையை விட்டுவிடுவார்கள்.
விழுந்துகொண்டிருக்கும் வரை
அதற்குள் எதற்கும் எடை இல்லை.
ராக்கெட்டுக்கு வழியில்லாத மூன்றாம் ஆண்டுக்காரருக்கு
ஒரு சிட்டிகை விண்வெளி.

எங்கள் பெட்டி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது.
கண்ணாடிச் சுவர், உள்ளே கண்ணாடித் தூள்.
தூளைக் குலுக்க
ஓகானின் பழைய மின்பல்துலக்கியிலிருந்து மோட்டார்.
மூடியைத் திறந்தால் இன்னும் புதினா மணக்கும்.
கேள்வி ஒன்றுதான்:
தூசியும் தூசியும் முட்டினால் ஒட்டுமா, விலகிப் போகுமா?
பூமி அப்படித்தான் தொடங்கியதாம்,
யாரும் பார்க்காத நேரத்தில்
ஒரு துகள் இன்னொன்றை விடாமல்.

விழுந்து விழுந்து படிப்பது என்று
எங்கள் மொழியில் சொல்வோம் என்றேன் ஒருநாள்.
விப்கே திருப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
எதிலிருந்து விழுவீர்கள்?
தெரியவில்லை.
விழுந்து விழுந்து சிரிப்பதும் உண்டு என்றேன்.
காதில் விழும். கண்ணில் விழும்.
வலையில் விழும், அடி விழும், மழை விழும்.
ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலையா என்றாள்.
பெட்டியின் அடியில் மார்க்கரால் 'விழு' என்று எழுதினாள்.
ழ-வின் வால் தவறான பக்கம் திரும்பியிருந்தது.
அப்படியே விட்டோம்.

முதல் முறை.
ட்ரை, ட்ஸ்வை, ஐன்ஸ்.
திரையில் இருட்டு.
நாலு புள்ளி ஏழு செக்கனும்
மிகத் தெளிவான, உயர்தரமான இருட்டு.
விளக்கின் இணைப்பை
'டிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும்.
நான் அழுத்தினேன்.
'டிக்' கேட்டதா என்று இப்போது நினைவில்லை.
யாரும் என்னைத் திட்டவில்லை.
யோஸ்ட் தன் ரொட்டியில் பாதியை நீட்டினான்.
அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

அடியில் ஒரு பெரிய தொட்டி நிறைய
நுரைமணிகள், வெள்ளை வெள்ளையாக.
அங்கேதான் உருளை வந்து புதையும்.
விழும்போது தொலைத்த எடையெல்லாம்
அந்த ஒரு நொடியில்
வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்,
ஐம்பது மடங்காக.
ஓகானின் மோட்டார் அதையும் தாங்கியது.

மீண்டும் பம்பு. மீண்டும் இரண்டு மணி நேரம்.
இணைப்பை நான்கு பேரும் ஒவ்வொருவராய் அழுத்தினோம்.

இரண்டாம் முறை வெளிச்சம் இருந்தது.
தூள் எழுந்தது.
எழுந்தது என்பதும் சரியில்லை,
அதற்குக் கீழே என்று ஒன்று இல்லாமல் போயிற்று.
மூடுபனிபோல நின்றது.
நான் மூச்சு விடவில்லை;
விட்டிருந்தாலும் அது குலைந்திருக்காது.
மணிகள் நெருங்கின, தொட்டன, விலகின.
பெரும்பாலானவை கண்ணாடிச் சுவரில் போய் அப்பிக்கொண்டன.
மூன்றாம் செக்கனில் இரண்டு மட்டும்
ஒன்றாய்ச் சுழன்றதுபோல் இருந்தது.
பிறகு எல்லாம் ஒரு மூலைக்கு அடிபட்டு, முடிந்தது.

அந்த இரண்டையும் எண்பது தடவை பார்த்தோம்.
ஒட்டியது என்றான் யோஸ்ட்.
ஒன்றின் முன் ஒன்று நிற்கிறது என்றாள் விப்கே.
அறிக்கையில் 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதினோம்.
அந்த வாக்கியத்துக்கு மட்டும் ஒரு மாலை போயிற்று.

ஆறாம் இலக்க டிராமில் திரும்பும்போது
என் கம்பளிச் சட்டையின் கையில்
ஒரு நுரைமணி.
தட்டினேன், விரலுக்குத் தாவியது.
உதறினேன், மறு கைக்கு வந்தது.
எதிரில் இருந்தவர்
செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஊதினேன். போனது.
ஹாப்ட்பான்ஹோஃபில் இறங்கும்போது பார்த்தால்
அவருடைய தொப்பியில் இருந்தது.